ஓங்கி மீட்டினால் சுருதி ஏறுமா?

கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டியைப் பார்க்கலாம். அதில் வால்யூமுக்கு ஒரு குமிழ், சுருதிக்கு ஒரு குமிழ். வால்யூமை எவ்வளவு திருகினாலும் ‘ச’ அதே ‘ச’வாகத்தான் ஒலிக்கும், சத்தம் மட்டும் கூடும், குறையும். சுருதிக் குமிழைத் திருகினால் ஒரு கட்டை, இரண்டு கட்டை, மூன்று கட்டை என்று ‘ச’ மேலே நகரும்; வால்யூம் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒலியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த இரண்டு குமிழ்களைத்தான்.

ஏனென்றால் இரண்டையும் நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம். கொசுவின் ரீங்காரம், சிங்கத்தின் கர்ஜனை இரண்டில் எதற்குச் சுருதி அதிகம் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் சிங்கம் என்பார்கள். சிங்கத்தின் கர்ஜனைக்கு இருப்பது உரப்பு, அதாவது சத்தத்தின் அளவு. சுருதியில் சிங்கம் கொசுவிடம் தோற்றுப்போகும். பெண் ஏடிஸ் கொசு நொடிக்கு ஏறத்தாழ 400 முதல் 600 முறை இறக்கை அடிக்கிறது. அதனால்தான் அந்த மெல்லிய ‘ஙொய்’ அவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது. சிங்கத்தின் தொண்டை அதைவிட மிக மெதுவாக அதிர்கிறது, ஆனால் பலமாக அதிர்கிறது.

மெதுவா, வேகமா என்பது ஒரு கேள்வி. பலமா, லேசா என்பது வேறொரு கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு கேள்விகள்தான்.

துடிப்பு இல்லாமல் ஒலி இல்லை

சமையலறையில் ஒரு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் ‘ணங்’ என்று தொடங்கி நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதன் விளிம்பில் கையை வைத்தால் சட்டென்று அடங்கிவிடும். கை பட்டதும் ஒலி நின்றதற்கு ஒரே காரணம், தட்டின் நடுக்கம் நின்றதுதான். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். விரலுக்குக் கீழே குரல்நாண்கள் துடிப்பது தெரியும். வாயை மூடி, மூக்கையும் பிடித்துக்கொண்டால் துடிப்பும் ‘ம்ம்ம்’மும் ஒன்றாக நின்றுபோகும்.

துடிக்கும் பொருள் முன்னே வரும்போது தன்னைத் தொட்டிருக்கும் காற்றை நெருக்குகிறது. பின்னே போகும்போது அந்த இடத்தில் காற்று தளர்கிறது. நெருக்கம், தளர்ச்சி, நெருக்கம், தளர்ச்சி என்று இந்தச் செய்தி அடுத்தடுத்த காற்றுக்குக் கைமாறிக்கொண்டே போய் நம் செவிப்பறையைத் தொடுகிறது. காற்று பயணம் செய்வதில்லை. நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. பயணம் செய்வது அந்த நெருக்கம்தான். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் அது நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் போகும்.

நடுவே காற்று இல்லையென்றால்? ராபர்ட் பாயில் 1660-ல் வெளியிட்ட சோதனைகளில் இதுவும் ஒன்று. கண்ணாடிக் கலத்துக்குள் ஒரு கடிகாரத்தை நூலில் தொங்கவிட்டு, உள்ளே இருந்த காற்றைப் பம்ப் வைத்து வெளியே எடுத்தார். முள் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ‘டிக் டிக்’ மட்டும் கேட்கவில்லை.

எவ்வளவு தூரம், எத்தனை முறை

வீட்டில் 30 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேசை விளிம்பில் வைத்து, 25 செ.மீ. அளவுக்கு வெளியே நீட்டி, மேசைமேல் இருக்கும் பகுதியை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பிடியுங்கள். நீட்டிய முனையைக் கீழே இழுத்து விடுங்கள். ஸ்கேல் மேலும் கீழும் ஆடுவது கண்ணுக்கே தெரியும். ஒலி என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஸ்கேலை உள்ளே தள்ளி 10 செ.மீ. மட்டும் நீட்டினால் ‘டுர்ர்’ என்று ஒரு கனத்த ஒலி வரும். 5 செ.மீ.க்கு வந்தால் அது ‘ட்ரிங்’ என்று கூர்மையாகிவிடும்.

ஸ்கேல் குட்டையாகக் குட்டையாக அது நொடிக்கு ஆடும் முறைகள் கூடுகின்றன. இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். அளக்கும் அலகு ஹெர்ட்ஸ். நொடிக்கு ஒருமுறை ஆடினால் 1 ஹெர்ட்ஸ், நூறு முறை ஆடினால் 100 ஹெர்ட்ஸ். அதிர்வெண் கூடினால் நமக்குச் சுருதி ஏறியதாகக் கேட்கிறது.

இப்போது ஸ்கேலை 10 செ.மீ.யிலேயே நிறுத்திவிட்டு, ஒருமுறை லேசாகவும் ஒருமுறை நன்றாக வளைத்தும் விட்டுப் பாருங்கள். லேசாக விட்டால் முனை கொஞ்ச தூரமே ஆடுகிறது, ஒலியும் லேசாகக் கேட்கிறது. வளைத்து விட்டால் அதிக தூரம் ஆடுகிறது, சத்தம் கூடுகிறது. நடுநிலையிலிருந்து முனை எவ்வளவு தூரம் விலகுகிறதோ அதுதான் வீச்சு. வீச்சு கூடினால் உரப்பு கூடும். இரண்டு தடவையும் சுருதி மாறவில்லை என்பதைக் கவனித்தீர்களா? இந்தச் சோதனையில் பலரும் தவறவிடுகிற இடம் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

சரி, ஏன் மாறவில்லை? அதிக தூரம் போகிற முனைக்குத் திரும்பி வர அதிக நேரம் ஆக வேண்டாமா?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை லேசாகத் தள்ளினாலும், கொஞ்சம் பலமாகத் தள்ளினாலும், போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. பலமாகத் தள்ளும்போது தூரம் கூடுகிறது, வேகமும் கூடவே கூடிவிடுகிறது, கணக்கு நேராகிவிடுகிறது. ஸ்கேலும் தந்தியும் இப்படித்தான். இரண்டு மடங்கு விலக்கினால் இரண்டு மடங்கு விசையோடு நடுநிலைக்கு இழுக்கப்படுகின்றன. இரண்டு மடங்கு தூரத்தை இரண்டு மடங்கு வேகத்தில் கடக்கின்றன. அதனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறுவதில்லை, அதிர்வெண்ணும் மாறுவதில்லை. மிதமான வீச்சுவரைதான் இந்தக் கணக்கு சரியாக நிற்கும். தந்தியை அளவுக்கு மீறி இழுத்து விட்டால் அதன் இறுக்கமே கூடிவிடும். அப்போது முதல் கணத்தில் சுருதி இம்மியளவு ஏறி நிற்கும். வீணையை முரட்டுத்தனமாக மீட்டும்போது இது காதில் பிடிபடும்.

கோயில் மணியை ஒருமுறை அடித்துவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒலி தேய்ந்து தேய்ந்து மறைகிறது. அதாவது வீச்சு குறைந்துகொண்டே போகிறது. அதன் முக்கிய நாதம் மட்டும் கடைசிவரை அதே சுருதியில் நிற்கிறது. வீச்சு குறையும்போது சுருதியும் கூடவே இறங்குவதாக இருந்தால் உலகத்தில் சங்கீதம் என்ற ஒன்று இருந்திருக்கவே முடியாது. ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்த கணத்திலிருந்து வழுக்கிக்கொண்டே போயிருக்கும்.

வீணையிடம் கேட்போம்

சுருதியைத் தீர்மானிப்பது எது என்பதற்கு வீணையைவிடத் தெளிவான ஆசிரியர் கிடையாது. எல்லாமே கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

வீணையில் ஏழு தந்திகள். வாசிப்பதற்கு நான்கு, தாளத்துக்கு மூன்று. வாசிக்கும் நான்கும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். சாரணி மெல்லிய எஃகுக் கம்பி. அனுமந்தரம் தடித்தது. நான்கின் நீளமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தடித்த தந்திக்கு எடை அதிகம், அதை ஆட்டுவது கடினம். அது மெதுவாக ஆடும், சுருதி கீழே இருக்கும். கீழ்ச் சுருதிக்குத் தடித்த தந்தியை வைக்கக் காரணம் இதுதான். மெல்லிய தந்தியையே தளர்த்தி அவ்வளவு கீழே கொண்டுபோனால் தந்தி தொளதொளத்து நாதமே எழும்பாது.

அடுத்தது இறுக்கம். தந்தியைச் சுற்றியிருக்கும் முளையான பிரடையைத் திருகினால் தந்தி இறுகும், சுருதி ஏறும். எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு ஏறும் என்பதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி லூட் என்ற தந்தி வாத்தியம் வாசித்தவர். இறுக்கத்தை இரண்டு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி, அதாவது ‘ச’விலிருந்து அடுத்த மேல் ‘ச’வரை, ஏறும் என்றுதான் அதுவரை நூல்களில் எழுதியிருந்தார்கள். அவர் தந்தியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்தார். இரண்டு மடங்கு போதவில்லை, நான்கு மடங்கு எடை வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்ததை ஒருவர் எடைக்கல்லால் திருத்திய இந்தக் காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மகனுக்குச் சோதனை செய்யும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவும் வைக்கிறது.

வாசிக்கும்போதும் இறுக்கத்தைக் கொண்டுதான் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, வருகிறது. வீணை வாசிப்பவர் ஒரே மெட்டில் (தந்திகளுக்குக் கீழே குறுக்கே பதித்த உலோகத் தண்டில்) விரலை வைத்துக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெட்டு மாறவில்லை, இறுக்கம் மாறுகிறது. ஸ்வரம் மேலே ஏறி இறங்குகிறது.

மூன்றாவது நீளம். இது எல்லாவற்றிலும் துல்லியம். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்காகும். வீணையில் 24 மெட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு ஸ்வரஸ்தானம். பன்னிரண்டு மெட்டுக்கு ஒரு ஸ்தாயி. திறந்த தந்தியின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி 12-ம் மெட்டு சரியாக நடுவில், குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையிலிருந்து 40 செ.மீ.யில் வரும். அங்கே ஒலிப்பது மேல் ‘ச’. 24-ம் மெட்டு 20 செ.மீ.யில், அதற்கும் மேல் ‘ச’. பஞ்சமத்துக்கு, அதாவது ‘ப’வுக்கு, அதிர்வெண் ஒன்றரை மடங்கு, எனவே நீளம் மூன்றில் இரண்டு பங்கு. 7-ம் மெட்டு குதிரையிலிருந்து ஏறக்குறைய 53 செ.மீ.யில் உட்காரும். முதல் மெட்டுக்கு முன்னால் இருக்கும் இடைவெளி 4.5 செ.மீ. கடைசி இரண்டு மெட்டுகளுக்கு நடுவே வெறும் 1.2 செ.மீ. மெட்டுகள் போகப்போக நெருங்குவது அழகுக்காக இல்லை, இந்தக் கணக்குக்காக. மெழுகில் மெட்டைப் பதிக்கிறவர் இந்தப் பின்னங்களை எழுதிப் பார்ப்பதில்லை. காதால் கேட்டு நகர்த்தி நகர்த்தி அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்.

நீளம், இறுக்கம், எடை மூன்றையும் சேர்த்து ஒரே விதியாக எழுதி 1636-ல் வெளியிட்டவர் பிரெஞ்சுப் பாதிரியார் மரான் மெர்சென். நொடிக்கு நூறு முறை ஆடுவதைக் கண்ணால் எண்ண முடியாதே, அவர் எப்படி எண்ணினார்? நூறு அடிக்கும் மேல் நீளமான கம்பியைக் கட்டினார். அவ்வளவு நீளமான கம்பி மெதுவாக ஆடும், எண்ணிவிடலாம். எண்ணிய பிறகு, நீளம் இத்தனை பங்கு குறைந்தால் அதிர்வெண் இத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டுக் குட்டைத் தந்தியின் அதிர்வெண்ணைச் சொல்லிவிட்டார்.

இதை நம் கட்டைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ‘ச’ ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவருடைய ‘ப’ ஒன்றரை மடங்கு, 196. மேல் ‘ச’ 262. ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகரின் ‘ச’ எவ்வளவு? அதே 196. அவருடைய ஆதார சட்ஜமும் இவருடைய பஞ்சமமும் ஒரே இடம்.

ஆண், பெண் குரல் வித்தியாசத்துக்கும் இதே மூன்று விதிகள்தான். மகரக்கட்டு உடையும் வயதில் பையன்களுக்குக் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நீளமும் எடையும் கூடினால் சுருதி இறங்க வேண்டும், இறங்குகிறது. பேச்சில் ஆண் குரல் 100 முதல் 130 ஹெர்ட்ஸ் அளவிலும், பெண் குரல் 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் இருக்கும்.

தோல் வாத்தியத்திலும் இறுக்கத்தின் வேலையைப் பார்க்கலாம். பறையடிப்பவர்கள் வாசிக்கும் முன் பறையைத் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். ஈரப்பதத்தில் தளர்ந்திருக்கும் தோல் சூட்டில் காய்ந்து விறைக்கும். மந்தமாக இருந்த அடி ‘டண்’ என்று எழும்பும். மழைநாளில் இந்தக் காய்ச்சல் வேலை அடிக்கடி நடக்கும்.

தண்ணீர் ஊற்றினால் சுருதி ஏறுமா, இறங்குமா?

ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தட்டுங்கள். இன்னும் ஊற்றித் தட்டுங்கள். சுருதி இறங்கிக்கொண்டே வரும்.

அதே தண்ணீரைக் குழாயடியில் குடத்தில் பிடியுங்கள். குடம் நிறைய நிறைய ஒலி ஏறிக்கொண்டே போகும். அடுப்படியில் நின்றுகொண்டே ‘குடம் நிரம்பப் போகுது, குழாயை மூடு’ என்று குரல் கொடுக்கிறவர்கள் காதால்தான் அளக்கிறார்கள்.

தண்ணீர் ஒன்றுதான், ஊற்றுவதும் ஒன்றுதான். ஒன்றில் இறங்குகிறது, ஒன்றில் ஏறுகிறது. கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். எது அதிர்கிறது என்று கேட்டால் விடை வந்துவிடும். டம்ளரைத் தட்டும்போது அதிர்வது உலோகச் சுவர். தண்ணீர் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஆட வேண்டியிருக்கிறது. சுமை கூடுவதால் சுவர் மெதுவாக ஆடுகிறது. ஜலதரங்கக் கலைஞர் ஒரு கிண்ணத்தின் சுருதியைக் கொஞ்சம் இறக்க நினைத்தால் தண்ணீர் சேர்ப்பது இதனால்தான். குடத்தில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏற ஏறக் காற்றுக்கு இடம் குறைகிறது. குட்டையான காற்று வேகமாக ஆடுகிறது. நேரான சுவருள்ள, 30 செ.மீ. ஆழமான பாத்திரம் என்றால் வெறுமையாக இருக்கும்போது ஏறக்குறைய 290 ஹெர்ட்ஸ். விளிம்புக்கு 10 செ.மீ. கீழே தண்ணீர் வரும்போது 870 ஹெர்ட்ஸை ஒட்டி வந்துவிடும். புல்லாங்குழலில் துளைகளைத் திறப்பதும் இதே வேலைதான், காற்றின் நீளத்தைக் குறைப்பது.

ஒலி பற்றிய எந்தக் குழப்பத்துக்கும் ‘எது அதிர்கிறது’ என்று முதலில் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். தெருமுனை டிரான்ஸ்பார்மரின் ‘ம்ம்ம்’மையும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள்தான் அதிர்கின்றன. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்புலம் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் தகடுகள் நொடிக்கு 100 முறை நடுங்குகின்றன. பட்டணத்திலும் கிராமத்திலும் டிரான்ஸ்பார்மர் ஒரே சுருதியில் முனகுவது இதனால்தான்.

உரப்பு: காது போடும் விசித்திரமான கணக்கு

வீச்சு கூடினால் உரப்பு கூடும் என்று பார்த்தோம். ஆனால் வீச்சு மட்டும் போதாது. எவ்வளவு காற்றை ஆட்டுகிறோம் என்பதும் முக்கியம். மெல்லிய தந்தி தனியாக ஆடினால் காற்று அதைச் சுற்றி நழுவிவிடும், பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. வீணையின் குதிரை தந்தியின் ஆட்டத்தைப் பலாமரக் குடத்தின் மேற்பலகைக்குக் கடத்துகிறது. அகலமான பலகை ஆடும்போது நிறையக் காற்று ஆடுகிறது. தந்தியின் வேலை சுருதி, குடத்தின் வேலை உரப்பு.

ஆற்றல் கணக்கில் வீச்சு இரட்டித்தால் ஒலி சுமக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் நம் காது ஆற்றலை நேராக எண்ணுவதில்லை. கேட்கவே கேட்காது என்ற எல்லையிலிருந்து காது வலிக்கும் எல்லைவரை ஒலியின் ஆற்றல் ஒரு லட்சம் கோடி மடங்கு மாறுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டெசிபல் அளவுகோல். இதில் 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. 30 கூடினால் ஆயிரம். 0 டெசிபல் என்பது நல்ல காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி. அப்போது காற்று ஆடும் தூரம் ஒரு அணுவின் அகலத்தைவிடச் சிறியது! சாதாரணப் பேச்சு 60 டெசிபல்.

ஏறக்குறைய 10 டெசிபல் கூடினால்தான் நமக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றுகிறது. அதாவது ஒருவர் பாடுவதைப்போல இரண்டு மடங்கு உரப்பாகக் கேட்க வேண்டுமென்றால் இரண்டு பேர் போதாது, பத்துப் பேர் பாட வேண்டும். கல்யாணத்தில் நாதஸ்வரம் இரட்டையாக வாசிக்கும்போது ஒற்றை நாதஸ்வரத்தைவிட 3 டெசிபல்தான் கூடுதல். இரட்டை வாசிப்பில் கிடைக்கும் நிறைவு சத்தத்தால் வருவதில்லை; இரண்டு பேர் மூச்சுவாங்கும் இடத்தை ஒருவருக்கொருவர் நிரப்பிக்கொடுப்பதால் வருகிறது.

இந்த மடங்குக் கணக்கு தெரியாததால் சத்தம் விஷயத்தில் நாம் ஏமாந்துபோகிறோம். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது இந்தியாவின் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. 45 இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தால், ‘முப்பதுதானே கூடுதல்’ என்று தோன்றும். அது ஆயிரம் மடங்கு ஆற்றல். 85 டெசிபலில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பதே காதுக்கு ஆபத்தின் விளிம்பு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. 100 டெசிபல் என்றால் கால்மணி நேரம்தான். ஹெட்போனைக் காதில் மாட்டும் இளையவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஒலிப் பாடத்தை முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உட்செவியில் அதிர்வை உணரும் மயிர்செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

இரண்டும் கைகோக்கும் இடங்கள்

அதிர்வில் வீச்சும் அதிர்வெண்ணும் தனித்தனி. காதுக்குள் வந்த பிறகு கதை கொஞ்சம் மாறுகிறது.

நம் காதுக்கு எட்டும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். 20-க்குக் கீழே யானைகள் பேசிக்கொள்கின்றன. 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்கியல் பூங்காவில் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது காற்றில் ஒரு மெல்லிய நடுக்கத்தை, விலங்குகளின் ஒலியை ஆராய்ந்த கேட்டி பெய்ன் என்ற பெண்மணி உணர்ந்தார். பின்னர் ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, காதுக்கு எட்டாத யானைக் குரல் அது என்று தெரிந்தது. எவ்வளவு வீச்சு இருந்தாலும், அதிர்வெண் எல்லைக்கு வெளியே போய்விட்டால் நமக்கு அது ஒலியே இல்லை.

எல்லைக்கு உள்ளேயும் காது எல்லா அதிர்வெண்ணையும் சமமாக நடத்துவதில்லை. 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ்வரை மிகக் கூர்மை. கீழே போகப்போக மந்தம். 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிளெட்சரும் மன்சனும் இதை வரைபடமாக்கினார்கள். இன்றைய அளவீடுகளின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் ஒலி எவ்வளவு உரப்பாகக் கேட்கிறதோ அதே அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க ஏறக்குறைய 80 டெசிபல் வேண்டும். மிருதங்கக் கச்சேரியை மொபைலில் கேட்டால் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கேட்டு, இடப்பக்கமான தொப்பியின் ‘தோம்’ காணாமல் போவது ஏன் என்று இப்போது புரியும். மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் அந்தக் கீழ் அதிர்வெண்ணில் போதுமான காற்றை ஆட்ட முடியாது. கொஞ்சநஞ்சம் வருவதையும் நம் காது பெரிதாக மதிப்பதில்லை. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் காதைப் பிளப்பதற்கும் இதுவே மறுபக்கம்: காது எங்கே கூர்மையோ அந்தப் பகுதியில்தான் அது பலமாக ஒலிக்கிறது.

கத்தும்போது குரல் மேலே போவதும் உண்மைதான். நுரையீரலிலிருந்து காற்றை வேகமாகத் தள்ளும்போது குரல்நாண்களை இறுக்கியும் விடுகிறோம். உரப்பு கூடுகிறது, இறுக்கத்தால் சுருதியும் ஏறுகிறது. பழகிய பாடகர் இந்த இரண்டையும் பிரிக்கக் கற்றுக்கொள்கிறார். மேலே இருக்கும் தாரஸ்தாயி ‘ச’வை மெல்லப் பாடுவது, கீழே இருக்கும் மந்தரஸ்தாயியைக் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடுவது இரண்டும் வருடக்கணக்கான சாதகம். அகாரத்தில் (‘ஆ’ என்று இழுத்து) ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கிப் பெரிதாக்கி மறுபடி மெலிதாக்கும் பயிற்சி, உரப்பை மட்டும் தனியாகப் பிடித்து நகர்த்தும் பயிற்சிதான்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. ஒரே சுருதி, ஒரே உரப்பு; ஆனாலும் வீணையையும் புல்லாங்குழலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்கிறோமே? தந்தி 131 ஹெர்ட்ஸில் ஆடும்போதே, பாதிபாதியாகப் பிரிந்து 262-லும், மூன்று துண்டாக 393-லும், நான்காக 524-லும் கூடவே ஆடுகிறது. இந்த மேல்சுரங்கள் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதில்தான் வாத்தியத்தின் தனிக்குரல் இருக்கிறது. அவை 1, 2, 3, 4 என்று முழு மடங்குகளாக இருக்கும்வரை காது அவற்றை ஒரே சுருதியாகச் சேர்த்துக் கேட்கிறது.

வட்டமான தோலுக்கு அந்த ஒழுங்கு இயல்பாகக் கிடையாது. இழுத்துக் கட்டிய வெறும் தோலில் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் வரும். அதனால்தான் பெரும்பாலான தோல் வாத்தியங்களில் ‘இதுதான் சுருதி’ என்று கைகாட்டுவது கடினம். மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் பாடகரின் ‘ச’வோடு இழைகிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு விடை எழுதினார். தோலின் நடுவே அப்பியிருக்கும் கருப்புச் சோறு தோலின் எடையை நடுவில் கூட்டி, அந்த ஒட்டாத அதிர்வெண்களை முழு மடங்குகளுக்கு இழுத்துக்கொண்டு வருகிறது. வேகவைத்த சோற்றோடு கற்பொடியைப் பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்குக்கும் தட்டிக் கேட்டு, எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவுசெய்தவர்கள் வாத்தியம் செய்யும் தொழிலாளர்கள். ராமன் அளந்து பார்த்தபோது, அடிச்சுரத்தையும் சேர்த்து முதல் ஐந்து மடங்குகள்வரை அவர்கள் கணக்கு சரியாக இருந்தது.